பசுமைச் சகாராவும் கடலடிப் புழுதியும்

சகாரா தன் பழைய வரலாற்றைத் தானே அழித்துக்கொள்ளும் நிலம். மழைக்காலங்களில் ஏரிகளின் அடியில் படிந்த வண்டல், ஏரி வற்றியதும் காற்றோடு போய்விடுகிறது. சாட் நாட்டின் போடேலே பள்ளம் ஒரு காலத்தில் பெரும் ஏரியின் தரை. இன்று உலகிலேயே மிக அதிகமாகப் புழுதி கிளம்பும் இடங்களில் ஒன்று. நிலம் தொலைத்த பதிவுகளை, அந்தப் புழுதி போய் விழுந்த கடலில்தான் தேட வேண்டியிருந்தது.

இப்பகுதி ஒருகாலத்தில் பசுமையாக இருந்ததென்ற ஐயம் பழையது. 1850இல் ஃபெஸ்ஸான் வழியே சென்ற ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த், மாடுகள் நிறைந்த பாறைச் செதுக்கல்களைக் கண்டார். ஒட்டகம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. அதற்கு முன்பே, 1832இல், வெர்டே முனைத் தீவுகளருகே பீகிள் கப்பலின் மேல் படிந்த மென்தூசியை டார்வின் சேகரித்திருந்தார். அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்த எஹ்ரன்பெர்க் கண்ட நுண்ணுயிர் எச்சங்களில் ஏறக்குறைய எல்லாமே நன்னீருக்கு உரியவை. ஆனால் செதுக்கலோ தூசியோ காலத்தைச் சொல்லவில்லை.

காலம் தெரிய, அடுக்கு கலையாத படிவு தேவை. 1986இல் மொரிட்டானியாவின் பிளாங் முனைக்கு அப்பால், சுமார் 2,260 மீட்டர் ஆழத்தில், பெருங்கடல் துளையிடல் திட்டத்தின் கப்பல் அதை வெட்டியெடுத்தது. அங்கே ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 செ.மீ. படிவு சேர்கிறது, ஆழ்கடலில் இது அபூர்வமான வேகம். படிவிலிருந்து சுண்ணாம்பு ஓடுகள், சிலிக்கா ஓடுகள், கரிமப் பொருள் ஆகியவற்றின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது பாலைப் புழுதி. மிதவை நுண்ணுயிர்களின் ஓடுகளில் உள்ள ரேடியோகார்பன் அடுக்கின் வயதைத் தரும். கடல்நீரின் கார்பன் சில நூறு ஆண்டுகள் பழையதாகத் தோன்றும் என்பதால் அதையும் திருத்த வேண்டும்.

பீட்டர் டிமெனோகலும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட முடிவின்படி, சுமார் 14,800 ஆண்டுகளுக்கு முன் புழுதியின் பங்கு சட்டென்று குறைந்தது. 5,500 ஆண்டுகளுக்கு முன் அதே வேகத்தில் ஏறியது. காரணத்தை ஜான் குட்ஸ்பாக் 1981இலேயே கணக்கிட்டிருந்தார். பூமியின் அச்சுத் தள்ளாட்டத்தால், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வடகோளத்தின் கோடையில் பூமி சூரியனுக்கு நெருக்கமாக இருந்தது. கோடை வெயில் இன்றைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடி, பருவமழையை வடக்கே இழுத்தது.

வெயிலோ படிப்படியாகவே குறைந்தது. பாலை மட்டும் ஏன் திடீரென்று திரும்பியது? இங்கேதான் சர்ச்சை. வடகிழக்குச் சாட் நாட்டின் யோவா ஏரி வண்டலை ஆராய்ந்த ஸ்டெஃபான் குரோப்பெலின் குழு, தாவரங்கள் மெல்ல மெல்லவே மாறின என்று 2008இல் எழுதியது. புழுதியை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு: மழை குறைந்தாலும் அது கூடும், காற்று வலுத்தாலும் கூடும். அதனால் கடற்படிவில் சேர்ந்த இலைமெழுகு கவனத்துக்கு வந்தது. அதிலுள்ள கன ஹைட்ரஜனின் அளவு, செடி குடித்த மழைநீரின் தன்மையைக் காட்டுகிறது. ஏடன் வளைகுடாப் படிவில் இம்முறையில் 2013இல் கிடைத்த விடை, விரைவான வறட்சியையே ஆதரித்தது. ஒரே நாளில் எல்லா இடமும் காய்ந்திருக்கத் தேவையில்லை என்பதால், இரண்டு தரப்பும் தத்தம் இடத்துக்குச் சரியாக இருக்கலாம்.

கிழக்கு மத்தியதரைக் கடலின் சான்று வேறு வகை. மழை மிகுந்தபோது நைல் கொட்டிய நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து, ஆழத்துக்கு ஆக்சிஜன் போகாமல் தடுத்தது. மக்காத கரிமப் பொருள் கறுப்பு அடுக்காகத் தங்கியது. கடைசி அடுக்கின் காலம் சுமார் 10,800 முதல் 6,100 ஆண்டுகளுக்கு முன். பசுமைச் சகாராவின் காலத்துக்குள்ளேயே அது விழுகிறது. அதன் கீழே இதேபோன்ற அடுக்குகள் பல லட்சம் ஆண்டுகளுக்கு, அச்சுத் தள்ளாட்டத்தின் கதியை ஒட்டித் தொடர்கின்றன.