பருவங்களை எண்ணிய வரலாறு

புகைவண்டி நிலையத்துக் கணக்கனாகிய எனக்கு, மனித வாழ்வின் பருவங்களை முதன்முதலில் கற்பித்தது பயணச்சீட்டுதான். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டுவதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குட்பட்ட சிறுவர்க்குத் தனிப்படுக்கை கேட்காதவரை அரைச்சீட்டு. பன்னிரண்டு நிரம்பினால் முழுச்சீட்டு. ஆடவர்க்கு அறுபதிலும் பெண்டிர்க்கு ஐம்பத்தெட்டிலும் முதியோர் சலுகை இருந்தது. 2020 மார்ச்சு மாதத்தோடு அது நின்றது. இங்ஙனம் மக்களை வயதால் வகுக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாற்றில் நம் தமிழுக்கும், நாம் பிழைக்க வந்த இப்பம்பாய் நகருக்கும் பெரும் பங்குண்டு. அதனை ஆண்டு மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

தமிழர் இளமையைக் கூர்ந்து நோக்கியவர்கள். தொல்காப்பிய மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைக்கு ஒன்பது பெயர்களைத் தொகுத்து வைத்தது. பின்னர்ப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மேல் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைமேல் பாடினார். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படை மாதங்கள் பத்தையும் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஐந்தாம் திங்களில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஏழாம் திங்களில் நாவசைக்கும் தால். ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி. பதின்மூன்றில் தளர்நடையிட்டு வரும் வருகை. இன்றைய குழந்தை மருத்துவரும் ஒன்பது மாதத்தை ஒட்டிக் கைகொட்டுவதையும், ஓராண்டை ஒட்டி நடப்பதையுமே வளர்ச்சியின் அடையாளமாகக் கேட்கின்றனர். தொட்டிலருகே அமர்ந்து கண்ட தாய்மாரின் அறிவே புலவர் நாவில் இலக்கணமாயிற்று என்று கொள்வதில் பிழையில்லை.

உலா நூல்கள் பெண்டிரை ஏழு பருவத்தினராகக் கூறும். பேதைக்கு ஐந்து முதல் ஏழு. பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று. மங்கைக்குப் பன்னிரண்டும் பதின்மூன்றும். மடந்தைக்குப் பதினான்கு முதல் பத்தொன்பது. அரிவைக்கு இருபது முதல் இருபத்தைந்து. தெரிவைக்கு இருபத்தாறு முதல் முப்பத்தொன்று. பேரிளம்பெண்ணுக்கு முப்பத்திரண்டு முதல் நாற்பது. நாற்பதோடு கணக்கு முடிந்தது! அதற்குமேல் வாழும் பெண்ணுக்கு அவ்வேட்டில் இடமில்லை. 1951-ஆம் ஆண்டளவிலும் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகளே. அன்று பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவை முதலாண்டிலேயே மாண்டன. இன்றோ சராசரி ஆயுள் எழுபதை எட்டிவிட்டது. பழைய ஏடு காணாத முப்பது ஆண்டுகள் நமக்குப் புதிதாகக் கிடைத்துள்ளன.

இனிப் பம்பாய்க்கு வருவோம். 1854-இல் இங்கே முதற் பஞ்சாலைக்கு அடிகோலப்பட்டது. ஆலைச் சங்கு ஊதியபோது பெற்றோருடன் பிள்ளைகளும் உள்ளே சென்றனர். 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டந்தான் முதன்முதலாக, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை! பேதைப் பருவத்திலேயே ஒன்பது மணி உழைப்பு என்றால் நெஞ்சம் பதறுகிறதன்றோ? 1891-இல் அவ்வெல்லை ஒன்பது வயதாயிற்று; 1922-இல் பன்னிரண்டு; 1948-இல் பதினான்கு. ஒரு குழந்தைக்கு ஏழு ஆண்டுகளை மீட்டுக் கொடுக்க நாட்டிற்கு அறுபத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன.

திருமண வயதின் வரலாறும் இந்நகரிலேயே சூடேறியது. 1864-இல் பிறந்த ருக்மாபாய் பதினோராம் வயதில், அதாவது பெதும்பைப் பருவத்தில், மணம் செய்விக்கப்பட்டார். வளர்ந்தபின் கணவன் வீட்டுக்குச் செல்ல மறுத்தார். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் சென்றது. 1885-இல் நீதிபதி பின்ஹி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1887-இலோ, கணவனிடம் செல்க, இன்றேல் ஆறு திங்கள் சிறை செல்க என்று தீர்ப்பாயிற்று. அவர் சிறையையே ஏற்கத் துணிந்தார். 1888-இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. பின் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் இராஜகோட்டிலும் பெண்டிர்க்குத் தொண்டாற்றினார். இந்நகரத்து இதழாசிரியர் மலபாரி போன்றோர் செய்த கிளர்ச்சியால் 1891-இல் இசைவு வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. பெண்ணின் மணவயது 1929-இல் பதினான்கு எனவும், 1978-இல் பதினெட்டு எனவும் சட்டமாயிற்று. புலவர் ஏட்டில் மட்டும் இருந்த பருவம் சட்டப் புத்தகத்திலும் ஏறியது.

ஆயினும் சட்டம் வேறு, வாழ்வு வேறு. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1961-ஆம் ஆண்டை ஒட்டித் தாராவிக்கு வந்தவர். அப்போது அவர்க்குப் பத்தோ பதினொன்றோ வயது; திட்டமாகத் தெரியாது. மாமன் கைப்பிடித்து வண்டியிறங்கிய மறுவாரமே தோல் பதனிடும் பட்டறைக்குச் சென்றார். பதினான்கு வயது எல்லை சட்டமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அச்சட்டம் அச்சந்துக்குள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பிறப்பைப் பதிவு செய்வதை நாடெங்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன் பிறந்த எத்தனையோ ஏழைகளைப்போல் அவர்க்கும் பிறந்த நாள் இல்லை. பின்னாளில் எழுத்தர் ஒருவர் குத்துமதிப்பாக ஒரு தேதியை எழுதினார். அதுவே இன்றும் அவருடைய வயது. பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியை எழுதும்போதெல்லாம் என் பேனா ஒரு நொடி நிற்கும். அவ்வொரு வரியே ஒருவன் ஓய்வு பெறும் நாளைத் தீர்மானிக்கிறது. 1962-இல் ஐம்பத்தெட்டாகவும் 1998-இல் அறுபதாகவும் உயர்ந்த ஓய்வு வயது, பிறந்த நாள் உண்மையாக இருந்தாலன்றி நீதியாகாது.

சென்ற ஆண்டு என் தங்கையின் குழந்தை ஒன்பது திங்களில் கைகொட்டத் தொடங்கிற்று. தந்தையார் தரையில் அமர்ந்து நெடுநேரம் அதனையே பார்த்திருந்தார். பின் என்னிடம், "ஏலே, நீ கைகொட்டுன நாளு எனக்குத் தெரியாதுல. நான் பட்டறையில கெடந்தேன். உன் அம்மா சொல்லித்தான் கேட்டேன்" என்றார். நான் மறுமொழி பகரவில்லை. தம் பிள்ளைப்பருவத்தை இழந்தவர், தம் பிள்ளையின் பருவத்தையும் காணாது உழைத்தார். அவ்வுழைப்பால்தான் நான் பத்தாம் வகுப்பு தேறி மேசையருகே அமர்ந்தேன்.

மனித வளர்ச்சியை எட்டு நிலைகளாக வகுத்து 1950-இல் நூலெழுதிய எரிக் எரிக்சன் என்னும் அறிஞர், வளர்ச்சி இளமையோடு நிற்பதன்று, முதுமை வரை தொடர்வது என்றார். நடுவயதினர்க்கு அவர் விதித்த பணி அடுத்த தலைமுறையைப் பேணுதல். முதியோர்க்கு விதித்தது, வாழ்ந்த வாழ்வை நிறைவோடு திரும்பிப் பார்த்தல். நாற்பதில் நின்ற நம் ஏட்டிற்கு அவர் எழுதிச் சேர்த்த பக்கம் இது எனலாம்.

ஆகவே, கோலனிவாழ் தமிழ்ப் பெருமக்களே, மூன்று விண்ணப்பங்கள். பிறந்த குழந்தையின் பெயரையும் நாளையும் காலந்தாழ்த்தாது பதிவு செய்யுங்கள். தாராவிப் பட்டறையாயினும், மாட்டுங்கா, செம்பூர் மாடிவீட்டுத் தனிப்பயிற்சி வகுப்பாயினும், விளையாடும் பருவத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். வீட்டு முதியவரைக் குழந்தையின் அருகே அமர்த்துங்கள். தாம் காணாது போன பருவங்களை அவர்கள் அங்கே கண்டு மகிழ்வார்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!