சிறுமுதற் படங்களில் நகையும் அச்சமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையை முதலிலும் அச்சத்தை இடையிலும் வைத்தார்; வடநூலாரும் ஹாஸ்யம், பயானகம் என அவற்றைத் தனித்தனி ரசங்களாகவே கொண்டனர். இவ்விரண்டையும் ஒரே கதையில், இயன்றால் ஒரே கணத்தில், எழுப்பிவிட வேண்டுமென்ற துணிச்சலான ஆசை, சில நாட்களுக்குள் சொற்பச் செலவில் படத்தை முடித்தாக வேண்டிய அமெரிக்கச் சிறு தயாரிப்பாளர்களிடையே செழித்து வளர்ந்தது. அவர்கள் எடுத்த கொலை நகைச்சுவைப் படங்களின் குறைகளையெல்லாம் பணமுடையின் தலையிலேயே ஏற்றிவிடுவது வழக்கம். ஆயினும் அவற்றின் சரித்திரத்தை வரிசையாக நோக்குவோர்க்கு, பணமுடையால் கெட்டது கொஞ்சம், நோக்கம் இரண்டுபட்டதால் கெட்டதே அதிகம் என்பது விளங்கும்.

1959-இல் ரோஜர் கார்மன் ஏறத்தாழ 50,000 டாலர் செலவில் ஐந்தே நாட்களில் எடுத்த ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’ இதற்கு முதல் சாட்சி. கலைஞர்களும் கவிஞர்களும் கூடிப் பேசும் ஒரு காப்பிக் கடையில் எச்சில் கோப்பை எடுக்கும் வால்டர் பெய்ஸ்லி என்னும் எளியவன், தானும் கலைஞனாக வேண்டுமென்று ஏங்குகிறான். சுவருக்குள் அகப்பட்ட பூனையைக் கைத்தவறாகக் கொன்று, அஞ்சி, அதன்மேல் களிமண்ணைப் பூசிவிட, அதையே அபூர்வ சிற்பமென்று ரசிகர் கூட்டம் கொண்டாடுகிறது. அடுத்த சிற்பத்திற்கு மனித உடல் தேவையாகிறது. சார்ல்ஸ் கிரிஃபித் எழுதிய இக்கதையில் கத்தியைவிடக் கொடியது புகழ்மொழி என்ற ஒரே கருத்து ஆதியோடந்தமாக ஓடுவதாலும், வால்டராக நடித்த டிக் மில்லர் கொலைகாரனிடத்திலும் நமக்கு இரக்கம் பிறக்கச் செய்வதாலும், நகையும் அச்சமும் ஒன்றையொன்று அழிக்காமல் வளர்க்கின்றன. குறைகளும் வெளிப்படையானவையே. சிலைகள் கடைப் பொம்மைகள் என்று கண்டவுடன் தெரிகிறது. தூக்கில் தொங்கும் கடைசிக் காட்சியில் உடம்பெல்லாம் சாந்து பூசவேண்டியிருக்க, நேரமின்மையால் சாம்பல் நிற ஒப்பனையோடு நிறுத்திக்கொண்டனர். மில்லரே பிற்காலத்தில் இதைச் சொல்லி வருந்தியதுண்டு. எனினும் அந்தச் சாம்பல் நிறம் கதையின் உயிரைத் தொடவில்லை.

பகடி பிறப்பதற்கு முன்னர் மரபு ஒன்று ஊன்றியாக வேண்டும். 1978-இல் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’, 1980-இல் ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ ஆகிய இரண்டும் சிறுமுதலில் பெருலாபம் ஈட்டவே, மறைந்து திரியும் கொலையாளி, ஒவ்வொருவராக மடியும் இளைஞர், இறுதியில் எஞ்சும் ஒரு பெண் என்ற இலக்கணம் ஸ்லாஷர் படங்களுக்கு நிலைபெற்றது. அந்த இலக்கணத்தை நேராகவே எள்ளி நகைத்தது 1981-இல் மிக்கி ரோஸ் எழுதி இயக்கிய ‘ஸ்டூடன்ட் பாடீஸ்’. காகிதக் கிளிப்பும் கத்தரிக்காயும் கொலைக்கருவியாகின்றன; விழுந்த பிணங்களின் எண்ணிக்கை திரையிலேயே எழுதிக் காட்டப்படுகிறது. இலக்கணத்தை முழுதறிந்தவனின் சாமர்த்தியம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் மடிபவர் எவரும் மனிதராக நம் மனத்தில் பதியாமையால் அச்சம் அறவே நீங்கிவிடுகிறது. அச்சம் நீங்கவே, அதைக் கிள்ளிப் பிறக்க வேண்டிய சிரிப்பும் பாதி வழியில் களைத்துப்போகிறது.

‘எ பக்கெட் ஆஃப் பிளட்’, ‘ஸ்டூடன்ட் பாடீஸ்’ ஆகிய இவ்விரண்டின் போக்கிற்கும் நடுவே நின்று, சிந்தனைக்கு மிகுந்த இடந்தருவது 1982-இல் வெளிவந்த ‘தி ஸ்லம்பர் பார்ட்டி மாஸக்கர்’. பெண்ணுரிமைக் கொள்கையில் ஊன்றிய நாவலாசிரியை ரீட்டா மே பிரவுன் இதன் திரைக்கதையைப் பகடியாகவே எழுதினார்; படத்தொகுப்பாளராயிருந்த ஏமி ஹோல்டன் ஜோன்ஸ், ஸ்பீல்பர்க்கின் ‘ஈ.டி.’ படத்தைத் தொகுக்கும் வாய்ப்பையும் துறந்து, கார்மனின் நிறுவனத்திற்காகச் சுமார் 2,50,000 டாலரில் அதை இயக்கினார். துளைப்பொறியை ஏந்தி வரும் கொலைஞனின் கருவி ஆண் செருக்கின் சின்னமாகவே நிற்கிறது. அதன் முனையை ஒரு பெண் பட்டாக்கத்தியால் துணித்தெறியும்போது அங்கதம் சொல்லின்றியே நிறைவேறுகிறது. பீட்சா கொண்டுவந்தவன் பிணமாகக் கிடக்க, நடுங்கும் பெண்களுள் ஒருத்தி மனத்தைத் தேற்றிக்கொள்ள அந்தப் பீட்சாவையே உண்ணும் காட்சியில், அச்சத்தையும் நகையையும் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. ஆயினும் பகடியாக எழுதப்பட்டதைப் பெரும்பாலும் மெய்யான பயங்கரமாகவே படமாக்கியதாலும், சந்தையின் நிபந்தனைக்கிணங்க இளம்பெண்களின் உடலைக் காட்சிப்பொருளாக்கியதாலும், எதைக் கண்டிக்க எழுந்ததோ அதையே விற்கும் நிலைக்கு இப்படம் பல இடங்களில் தாழ்ந்துவிடுகிறது. இந்த முரண்பாடு பணத்தால் தீரக்கூடியதன்று. இன்னும் பத்து லட்சம் டாலர் கொடுத்திருந்தாலும் அது அப்படியே இருந்திருக்கும்.

மலிவான படமென்று இவற்றை ஒதுக்குவோரும், மலிவென்பதனாலேயே எல்லாவற்றையும் மன்னித்துக் கொண்டாடுவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். இருசாராரும் செலவுக் கணக்கைக் கொண்டே கலையை அளக்கின்றனர். இந்த வகைப் படத்திடம் கேட்கத் தக்க கேள்வி, நம்மை எதைக் கண்டு சிரிக்கச் சொல்கிறது, அதை அது இறுதிவரை தானே நம்புகிறதா என்பதுதான். அக்கேள்விக்கு ஐந்து நாட்களில் எடுத்த படம் தெளிவாக விடையளித்தது. அதனாலேயே, பின்வந்தவை அதனினும் வசதியோடு பிறந்தும், இவ்வரிசையில் முதலிடம் அதற்கே உரியது.