பொறியியலாளர் தகுதியும் அதற்குரிய சான்றும்

மருத்துவத் தொழில் செய்வோரின் தகுதியை ஆராய்ந்து உரிமை வழங்கும் முறை இங்கிலாந்திற் பழமை வாய்ந்தது. இலண்டன் மருத்துவர் கல்லூரிக்கு எட்டாம் ஹென்றி மன்னன் 1518 ஆம் ஆண்டிற் பட்டயம் அளித்தான். பாலமும் கால்வாயும் துறைமுகமும் அமைப்போருக்கு அத்தகைய பட்டயம் கிடைத்ததோ 1828 ஆம் ஆண்டிலாகும். இடைப்பட்ட முந்நூற்றுப் பத்து ஆண்டுகளிலும் இத்தொழிலை நடத்தியோர் பெரும்பாலும் கற்றச்சரும் ஆலைத்தச்சரும் நிலம் அளப்போருமே. அவர்தம் தகுதிக்குச் சான்று யாதெனின், முன்னர் அவர் கட்டியது விழாது நின்றமையே எனலாம்.

1818 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள் இலண்டன் பிளீற் வீதியிலிருந்த கோப்பிச்சாலை ஒன்றில் இளைஞர் சிலர் கூடிக் குடிசார் பொறியியலாளர் நிறுவகத்தைத் தொடக்கினர். ஈராண்டின் பின்னர் அதன் முதல் தலைவராயினார் தோமஸ் ரெல்போட். ஸ்கொத்லாந்தில் இடையர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த இவர் கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். கல்வேலை பயின்று தொழிலில் உயர்ந்தவர். அங்கத்தவர் தாம் செய்த வேலைகளிற் கண்டறிந்தவற்றை எழுத்திலே தருதல் வேண்டுமென்று அவர் விரும்பினார்; கூட்டங்களில் நிகழ்ந்த உரையாடல்களைத் தாமே குறித்தும் வைத்தார். எனினும், புதியவர் ஒருவரைச் சேர்க்குங்கால் பெரிதும் நம்பப்பட்டது மூத்தோர் சொல்லே. பெயர் பெற்ற பொறியியலாளரிடம் பணங்கொடுத்து மாணாக்கராய் அமர்ந்து, அவரோடு சில ஆண்டு உழைத்து, பின்னர் அங்கத்தவர் சிலர் முன்மொழிய உள்ளே நுழைவதே வழக்கமாயிற்று.

இச்சான்றின் வலுவின்மை வெளிப்பட்டது ரே ஆற்றங்கரையிலாகும். தோமஸ் பௌச் என்பார் புகையிரதப் பாதைகள் பல அமைத்தவர். புகையிரத வண்டிகளையே தோணியில் ஏற்றி அக்கரை சேர்க்கும் உபாயத்தை 1850 இல் வகுத்தவர். ஏறத்தாழ இரண்டு மைல் நீளமான ரே பாலம் 1878 ஆம் ஆண்டு சூன் மாதம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விக்ரோறியா மகாராணியார் அதன் மீது பயணஞ் செய்தார். பௌச் வீரப்பட்டம் பெற்றார். அவ்வாண்டு திசம்பர் 28 ஆம் நாள் இரவு, பெரும்புயலில் நடுப்பகுதி முறிந்து, சென்றுகொண்டிருந்த வண்டி முழுவதும் ஆற்றில் வீழ்ந்தது. பிழைத்தவர் ஒருவருமிலர். இறந்தோர் எழுபத்தைவர் வரையில் என அக்காலத்தார் கணித்தனர். பெயர் அறியப்பட்டோர் 59 பேர்.

விசாரணையில் வெளிவந்தவை சிந்திக்கத்தக்கவை. வார்ப்பிரும்புத் தூண்களிலிருந்த துளைகளை மெழுகும் குங்கிலியமும் இரும்புத்தூளும் கலந்த பசையால் அடைத்து மறைத்திருந்தனர். பாலத்தைக் கண்காணித்தவர் இரும்பு வேலையில் அநுபவம் இல்லாதவர். இணைப்புச் சட்டங்கள் தளர்ந்து ஒலித்தபோது இரும்புத் துண்டுகளைச் செருகிவிட்டாரேயன்றி பௌச்சுக்கு அறிவித்தாரல்லர். திறப்புக்கு முன் அரசாங்கப் பரிசோதகர் பாரமிக்க இயந்திரங்களைப் பாலத்தில் ஓட்டிப் பார்த்தார். காற்றைப் பற்றிய சோதனை எதுவும் நடைபெறவில்லை. காற்றின் அழுத்தத்துக்கு வடிவமைப்பில் என்ன இடம் அளித்தீர் என்று பௌச்சை வினவியபோது, தனியாக ஒன்றும் அளிக்கவில்லை என்பதே விடையாயிற்று. முப்பது ஆண்டுத் தொழிலில் அவரிடம் இவ்வினாவை எழுப்பி விடை பெற்றார் ஒருவருமிலர் போலும்! பழியின் பெரும்பங்கு அவர்மீது சுமத்தப்பட்டது. 1880 ஒக்ரோபரில் அவர் காலமானார். அதன்பின் சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றழுத்தம் கணக்கிலே கொள்ளப்படல் வேண்டுமென விதி பிறந்தது. 1890 இல் முற்றுப்பெற்ற போத் பாலம் அவ்விதிப்படி எழுந்ததாகும்.

நிறுவகம் 1897 ஆம் ஆண்டு தொட்டுத் தேர்வுகளை நடத்தலாயிற்று. தேர்வு பெரிய முன்னேற்றமே. ஆயினும் வினாத்தாளில் காற்றழுத்தத்தைக் கணிக்கத் தெரிந்தவன் களத்தில் அதனை நினைவு கூர்வான் என்பதற்கு உறுதி யாது? ஆகவே தேர்வுக்கு மேலாக, பொறுப்பேற்று நடத்திய வேலையின் பதிவும் வேண்டப்பட்டது. பிரித்தானியப் பொறியியல் நிறுவகங்கள் ஒன்றிணைந்த சபை 1965 இல் அரச பட்டயம் பெற்றபின், பட்டயப் பொறியியலாளர் என்னும் பெயர் பல துறையினர்க்கும் பொதுவாயிற்று. 1981 இற் பட்டயம் பெற்ற பொறியியற் பேரவை 2003 இல் வெளியிட்ட தகுதிநெறி, விண்ணப்பகாரர் ஐந்து வகையிற் சான்று காட்டுமாறு கேட்கின்றது: அறிவு, அதனைப் பிரயோகித்துச் சிக்கல் தீர்த்தல், பொறுப்பும் தலைமையும், பிறர்க்குத் தெளிவுற உணர்த்தல், தொழில் ஒழுக்கம்.

சான்று திரட்டுவோர் பெரிதும் இடறுவது ஓரிடத்திலேயாம். "இவ்வணைக்கட்டு இத்தனை கோடி செலவில் எம்மால் அமைக்கப்பட்டது" என்று எழுதினால் அணைக்கட்டின் பெருமை புலப்படும். எழுதியவர் செய்தது யாதென்பது புலப்படாது. அத்திவாரத்தில் எதிர்பாராத களிமண் தோன்றியபோது இருந்த வழிகள் எவை, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தவர் யார், எக்கணிப்பின் மேல், எவர் ஒப்புதலோடு என்பனவே தேர்வாளர் தேடுவன. தவறிய வேலையும், தவற்றைக் கண்டு திருத்திய விதம் எழுதப்படின் நல்ல சான்றாகும். பத்தாண்டு கழித்து ஞாபகத்திலிருந்து இவற்றை எழுதப் புகுவோர் படும் பாடு சொல்லுந்தரமன்று. அன்றன்று எழுதிய நாட்குறிப்பு, கையொப்பமிட்ட கணிப்புத்தாள், திருத்தம் குறித்த வரைபடம், மேலதிகாரியின் உறுதியுரை ஆகியன நேர்முக விசாரணையில் துணைநிற்கும். வேலை கொள்வோரின் இரகசியங்களை அவர் அனுமதியின்றி வெளியிடலாகாது என்பதும் நினைக்கற்பாலது.

ஆங்கிலேயர் ஆட்சியின் வழியே இம்முறை இலங்கைக்கும் வந்தது. 1906 இல் தோன்றிய இலங்கைப் பொறியியற் சங்கம் 1956 இல் நிறுவகமாகி, 1968 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தாற் கூட்டிணைக்கப்பட்டது. 1950 இற் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் தொடங்கியபின் பட்டம் பெறுதற்கு நாட்டிலேயே வழி பிறந்தது. பொறியியற் பட்டங்களை நாடுகள் தம்முள் ஏற்றுக்கொள்ள 1989 இல் ஆறு நாட்டு அமைப்புக்கள் செய்த உவாசிங்ரன் உடன்படிக்கையில் இலங்கை 2014 இல் முழு உரிமையோடு சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை கல்வியை மாத்திரமே தழுவியது. பட்டயப் பெயரை நாடும் பட்டதாரி, பயிற்சியையும் அநுபவத்தையும் எழுத்திற் காட்டித் தேர்வாளர் முன் அமர்ந்து, தான் செய்தவற்றுக்கு வாய்மொழியாக விடை பகர்தல் வேண்டும்.