இந்தியத் துப்பாக்கி சுடுதல் அணித் தேர்வு

ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்துடையது. தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் இளைஞருக்கும் பாதை ஒன்றே: மாநிலப் போட்டி, தென்மண்டலம், தேசியப் போட்டி, பிறகு அணித் தேர்வுச் சுற்றுகள்.

சர்வதேசப் போட்டிகளில் ஒருவர் வென்றெடுக்கும் ஒலிம்பிக் இடம் நாட்டுக்கே சொந்தம், வென்றவருக்கு அல்ல.

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக, ரைஃபிள், பிஸ்டல் பிரிவுகளுக்கு டெல்லியிலும் போபாலிலும் நான்கு சுற்றுகள் நடந்தன. சிறந்த மூன்றின் சராசரியே கணக்கு. ஒரு நாள் சறுக்கினாலும் மீள வழியிருந்ததால் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பழைய சாதனைக்குப் பெரிதாக இரங்கவில்லை. மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இடங்களை வென்று தந்தவர்கள் மெஹுலி கோஷும் திலோத்தமா சென்னும். பாரிஸ் சென்றவர்களோ ரமிதா ஜிண்டாலும், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனும். இப்பிரிவில் 60 குண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9 புள்ளி. இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். விசையில் விரல் சற்று அவசரப்பட்டாலும் குண்டு ஒன்பதுக்கு விலகிவிடும்.

பறக்கும் தட்டைச் சுடும் ஆடவர் டிராப்பிலும் இதே கதை. பவ்னீஷ் மெந்திரட்டா 2022இல் வென்ற இடத்தில் களமிறங்கியவர் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான்.

பாரிஸில் மகளிர் ஏர் ரைஃபிளில் எட்டுப் பேருக்கே இறுதிச்சுற்று. இளவேனில் 10ஆம் இடத்தில் நின்றுவிட, ரமிதா உள்ளே நுழைந்து 7ஆவதாக முடித்தார்.