ஒரலும் ஒலக்கையும்

எங்கள் ஊர் வேப்பந்தட்டையில் உரலை யாரும் உரல் என்பதில்லை, ஒரல்தான். உலக்கை ஒலக்கை, விறகு வெறகு, பருத்தி விதை பருத்தி வெதை. தமிழாசிரியனாக இதை நான் கொச்சை என்று சொன்னதில்லை, வகுப்பில் சொல்ல விட்டதும் இல்லை. இதில் ஒரு விதி இருக்கிறது. முதலில் குறில் இகரமோ உகரமோ நின்று, ஒற்றை மெய்க்கு அப்பால் அகரமோ ஐகாரமோ வந்தால் நாக்கு இறங்கும். குளம் கொளமாகும், குளி மாறாது. புடவை பொடவையாகும், புளி புளிதான். நடுவில் மெய் இரட்டித்தால் குப்பை குப்பையாகவே கிடக்கும். ஏட்டைத் தொடாத பாட்டிகூட இதில் தவறுவதில்லை.

உயிர்கள் பிறக்கும் விதத்தைத் தொல்காப்பியர் பிறப்பியலில் மூன்றாகப் பிரித்தார்: அ, ஆ வாய் திறந்து, இ, எ இனம் நாவிளிம்பு பல்லைச் சார்ந்து, உ, ஒ இனம் இதழ் குவிந்து. 1939இல் வெளிவந்த மொழியியலாளர் துருபெட்ஸ்கோயின் நூலில் வரும் உயிர் முக்கோணத்துக்கும் இவைதாம் மூலைகள். 1972இல் லில்யென்கிராண்ட்ஸ், லிண்ட்ப்ளோம் என்ற ஸ்வீடன் அறிஞர்கள் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்: காது குழம்பாதபடி உயிர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கப் பார்க்கும். அதனால்தான் மூன்றே உயிருள்ள மொழிகளில் அவை பெரும்பாலும் அ, இ, உ; ஐந்தென்றால் எ, ஒ சேரும். உலகில் மிகுதியாகக் காணப்படுவது இந்த ஐந்துயிர் அமைப்புதான்.

ஆனால் தூரக் கணக்கு ஒவ்வோர் ஒலியையும் தனியே நிறுத்தி அளக்கிறது. ஊர்ப்பேச்சிலோ பக்கத்து ஒலி இழுக்கிறது. பின்னால் வரும் அகரத்துக்காக வாய் முன்கூட்டியே திறக்க, இகரம் எகரமாகிறது. இதன் வரலாற்றை 1958இல் மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி துலக்கினார். அகரத்துக்கு முன் இ-எ, உ-ஒ வேறுபாடு தென்திராவிடத்தில் மிகப் பழைய காலத்திலேயே அழிந்துபோனது. இலக்கியத் தமிழ் இலை, குடை என்று நிறுத்திக்கொண்டது. கன்னடம் எலெ, கொடெ என்றது. எங்கள் எலையும் கொடையும் கன்னடத்தின் பக்கம் நிற்கின்றன.

பேச்சுக்கும் இலக்கணம் உண்டென்று முன்பே நம்பியவர் ஒருவர் இந்தப் பக்கத்திலேயே இருந்தார். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1728இல் பேச்சுவழக்கான கொடுந்தமிழுக்கென்றே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அவரை நான் தேம்பாவணிக்காக மட்டும் வணங்குவதில்லை.

மிளகாய்க்கு அந்த அகர விதி மட்டும் போதாது. மெளகாய் என்று நிற்கவேண்டியது மொளகா ஆகிறது. முன்னால் இதழொலி மகரம், பின்னால் நாவை வளைக்கும் ளகரம். இரண்டுக்கும் நடுவே மாட்டிய உயிர் குவிந்துவிடுகிறது. பிடி புடியானதும், வீடு வூடானதும், பெண் பொண்ணானதும் இந்த வழியில்தான்.