தாம்பரத்துக் காற்றும் அடைபட்ட அறைகளும்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார இரயிலில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிலையம் வருகிறது. அன்றாடம் எத்தனையோ பேர் அங்கே ஏறி இறங்குகின்றனர். பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. காச நோயாளரை நகரத்து நெரிசலிலிருந்து விலக்கி, நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றால் தேற்ற முயன்ற இல்லத்துக்கே சானடோரியம் என்று பெயர். கைக்கு எட்டிய மருந்து ஏதும் இல்லாத காலத்தில் காற்றையே மருந்தாகக் கொண்ட மனை அது.

காச நோயின் கிருமியை இராபர்ட் காக் 1882-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அதைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் 1940-களில்தான் வந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் விந்தையானவை. பகைவன் யாரெனத் தெரியும். கையில் படைக்கலம் இல்லை. அந்த இடைவெளியில் ஐரோப்பாவில் வேரூன்றியதே 'திறந்த காற்றுச் சிகிச்சை'. அதில் தேர்ந்தவர்களுள் ஒருவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகளில் அவர் சானடோரியம் நடத்தி வந்தார்; பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து 1910-இல் நூலாகவும் வெளியிட்டார். ஆங்கிலேய நோயாளருக்கு ஆங்கிலேய மண்ணிலேயே ஓர் இந்தியர் மருத்துவமனை நடத்தினார் என்பதை நம் பள்ளி நூல்கள் ஏனோ சொல்வதில்லை.

கணித மேதை இராமானுஜன் 1917-இல் சில காலம் அந்த மெண்டிப் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றார். பின்னர் மாட்லாக் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டார். கணப்பு மூட்ட இசைவு கிட்டாமல் குளிரில் நடுங்கியதை அங்கிருந்து தம் நண்பருக்கு எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்த உடலுக்கு இங்கிலாந்துக் காற்று மருந்தாயிற்றா, தண்டனையாயிற்றா என்று கேட்கத் தோன்றுகிறது. அவரைப் பற்றியது காச நோயே அன்று, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோய் என்று பின்னாளில் ஆய்ந்தோர் கருதுவதும் உண்டு.

சௌரிமுத்து தாயகம் திரும்பி, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்தில் 1928-இல் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். ஒரு சில படுக்கைகள், சுற்றிலும் பரந்த வெளி: இவையே அதன் மூலதனம். 1937-இல் சென்னை மாகாண அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அக்காலத்துச் சானடோரியங்களுக்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே கட்டட இலக்கணம். நீண்ட தாழ்வாரம், உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சுவர்களில் அகன்ற சன்னல்கள், படுக்கைக்கும் படுக்கைக்கும் நல்ல இடைவெளி. இக்கூறுகளை மிகையாகப் போற்றிவிடவும் கூடாது. காற்று மட்டுமே நோயைக் குணமாக்கியது என்று சான்றுடன் கூற இயலாது. சானடோரியங்களிலிருந்து தேறித் திரும்பியோரும் உண்டு. திரும்பாமலே போனோரும் பலர்.

சானடோரியங்களின் புகழுக்கு முடிவு கட்டிய ஆய்வு சென்னையிலேயே நிகழ்ந்தது என்பது வரலாற்றின் விளையாட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. அதன் ஆய்வாளர்கள் 193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மற்றவர் நெருக்கடியான தம் வீட்டிலேயே, எளிய உணவுடன், அதே மாத்திரைகளை உண்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். வீட்டில் தங்கிய நோயாளரால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகுந்ததாகவும் தெரியவில்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு ஏழை நாடுகளுக்கெல்லாம் விடுதலைச் செய்தி போல் அமைந்தது. குடும்பத்தைப் பிரியாமல், வேலையை முற்றிலும் இழக்காமல் குணமடையலாம் என்றால் எவ்வளவு பெரிய ஆறுதல்! மேலைநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தாம்பரத்து மனை மூடப்படவில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்த அது, 1990-களில் எச்.ஐ.வி. நோயாளரை ஏற்றுப் பேணிய பெரிய புகலிடமாகவும் விளங்கிற்று.

இந்த இடத்தில்தான் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிட்டோம் என்று நாம் கருதுகிறோம். குணமாக்குவதற்குக் காற்று தேவையில்லை என்று சென்னை ஆய்வு காட்டியது. பரவாமல் தடுப்பதற்கும் காற்று தேவையில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. மருந்து தொடங்கியபின் நோயாளர் பிறருக்குத் தொற்றைத் தரும் ஆற்றல் விரைவில் குறைகிறது. ஆகவே பரவல் பெரும்பாலும் அதற்கு முன்பே, 'வெறும் இருமல்தான்' என்று அவரும் நாமும் எண்ணியிருக்கும் வாரங்களில் நடந்துவிடுகிறது. யாருக்கு நோய் என்று எவருக்கும் தெரியாத அந்நாள்களில் மாத்திரைக்கு வேலையில்லை, சன்னலுக்கு உண்டு.

அதே 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்டு இரைலி என்பார் ஓர் அரிய சோதனை நடத்தினார். காச நோயாளர் தங்கிய ஆறு அறைகளின் காற்று முழுவதும் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே ஏறத்தாழ 150 கினிப்பன்றிகள் கூண்டுகளில் அக்காற்றையே சுவாசித்தன. அவை எந்த நோயாளரையும் கண்டதில்லை. எவர் தொட்ட பண்டத்தையும் தொட்டதில்லை. இரண்டு ஆண்டுகளில் 71 விலங்குகளுக்குத் தொற்று ஏற்பட்டது. தொடர்ந்து நடந்த சோதனையில், வேறொரு கூடத்துக்குச் சென்ற காற்றின்மீது குழாயிலேயே புறஊதா ஒளி பாய்ச்சப்பட்டது. அக்கூடத்தில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. நோயைச் சுமப்பது காற்றே என்பது இவ்வாறு ஐயமற நிறுவப்பட்டது. அதைச் சுமந்து சென்றது ஒரு காற்றுக் குழாய் என்பதையும் மறவாதிருப்போம்.

ஊசியாலேயே தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் நம் மாவட்டமே உரைகல்லாயிற்று. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூரைச் சார்ந்த பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் ஆய்வு தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கு பெற்றனர். பெரியவர்களின் நுரையீரல் காச நோயை அது தடுக்கவில்லை என்பதே ஆண்டுகள் பல கழித்துக் கிடைத்த விடை. குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது, அதனால் பிறந்த குழவிக்கு அதை இடுவது இன்றும் தொடர்கிறது. ஆயினும் பொதுக் காற்றைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு ஒரு பகுதி விடை 2007-இல் பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து வந்தது. அங்குள்ள எட்டு மருத்துவமனைகளில் 70 அறைகளை அளந்து பார்த்தனர். அரை நூற்றாண்டுக்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உடைய அறைகளில் சன்னல்களைத் திறந்து வைத்தால் மணிக்கு 40 முறை காற்று முழுதும் மாறிற்று. இயற்கைக் காற்றை நம்பியே கட்டிய புதிய அறைகளில் 17 முறை. இயந்திரம் காற்றூட்டும் அறைகளில் 12 முறையே. உலக நலவாழ்வு நிறுவனமும் 2009-இல் மருத்துவமனைகளின் இயற்கைக் காற்றோட்டத்துக்கென்றே நெறிமுறை வகுத்து, பொது நோயாளர் கூடங்களில் ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்றது. பழைய கொத்தனார்கள் கணக்குப் போடாமலே பெரிதும் சரியாகக் கட்டியிருந்தனர்.

நம் முன்னோருக்கும் இது தெரியாததன்று. சன்னலுக்குத் தமிழில் 'காலதர்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் அது வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்தையோ வேடிக்கையையோ குறிக்காமல், காற்றின் வழி என்றே பெயரிட்டனர். வீசும் திசையைக் கொண்டு தென்றல், வாடை, கோடை, கொண்டல் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கரையில் கோடை நாள்களில் நண்பகலுக்குப் பின் கிழக்கேயிருந்து எழும் கொண்டலே மக்களின் விசிறி. திண்ணை, நடை, முற்றம், கொல்லைப்புறம் என்று ஒரே நேர்கோட்டில் வாயில்கள் அமைந்த வீட்டுக்குள் அது தடையின்றிப் புகுந்து வெளியேறும். அடுப்படியின் புகை மட்டும் பெண்களின் நுரையீரலை வதைத்தது. அதை நம் முன்னோர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே கரைக்குச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் இன்று கண்ணாடி மாளிகைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் சன்னல்கள் பெரும்பாலும் திறப்பதற்கு அல்ல. அங்கே காற்று வரவேண்டுமாயின் குழாய் வழியேதான் வரவேண்டும். வடிகட்டி தூசியால் அடைத்து, குளிர்சுருளின் ஈரம் வடியாமல் தேங்கினால், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல விளைநிலம் வேண்டாம். கடற்கரையின் ஈரமும் உப்பும் இதற்குத் துணை செய்கின்றன. 1976-இல் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடியோரிடையே திடீரெனத் தோன்றி 34 உயிர்களைப் பறித்த நிமோனியாவுக்குக் காரணமான கிருமி, குளிர்சாதன அமைப்பின் நீரில் செழிப்பது என்று பின்னர் அறியப்பட்டது. ஆனால் குழாயைத் துடைத்துவிட்டாலே போதும் என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்புவதற்கில்லை. பூஞ்சணம், எலிக்கழிவு, கண்ணுக்குத் தெரியும் தூசி அடைப்பு ஆகியவை இருந்தால் குழாயைத் தூய்மை செய்யலாம். வழக்கமாகச் செய்வதால் நோய் தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் நிலை. ஈரத்தை நிறுத்துவதும், வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும், வெளிக்காற்றை வேண்டிய அளவு உள்ளே விடுவதும் முதன்மையானவை.

நம் வீடுகளில் நிலைமை வேறு. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வருகிறது என்றே பலர் எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் அறையில் உள்ள காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. 2020 சனவரியில் சீனத்தின் குவாங்சௌ நகர உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் அமர்ந்த மூன்று குடும்பத்தாருள் 10 பேருக்குக் கொரோனா கண்டது. அங்கே ஏ.சி. ஓடிற்று, வெளிக்காற்று ஏறத்தாழ வரவேயில்லை. சன்னலற்ற திருமணக் கூடங்களையும், ஏ.சி. பொருத்திக் கதவுகளை அடைத்துக்கொள்ளும் சிற்றாலயங்களையும், மறைக்கல்வி வகுப்பறைகளையும் இதன் ஒளியில் பார்க்க வேண்டியிருக்கிறது. திருப்பலிக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கலாம். கூட்டம் மிகும் நாள்களில் ஏ.சி. ஓடும்போதே எதிரெதிர்ச் சன்னல்களைச் சிறிதளவு திறந்து விடலாம். மின்கட்டணம் சற்றுக் கூடும். காற்றை வெளியேற்றும் விசிறியை ஒரு சுவரில் பொருத்தினால், எதிர்ச்சுவரில் காற்று நுழையத் திறப்பு வேண்டும். இல்லையேல் அது வீணே சுழலும்.

சன்னலைத் திறந்தால் கொசு வருகிறது என்பது செங்கற்பட்டு மாவட்டத்தில் நியாயமான முறையீடு. ஏரிகள் மலிந்த பகுதி இது. சன்னலுக்குக் கம்பிவலை அடிக்கலாம். ஆனால் நெருங்கிய வலை காற்றையும் ஓரளவு தடுத்துவிடும். ஆகவே வலை அடிக்க எண்ணுவோர், வீடு கட்டும்போதே சன்னலின் அளவைக் கூட்டி வைப்பது நல்லது. செலவைக் குறைக்க வேண்டி நம் கொத்தனார்கள் முதலில் சுருக்குவதும் பெரும்பாலும் அந்தச் சன்னலைத்தான்.