பெயர் ஒன்று, எஞ்சின் இரண்டு

பாலக்காட்டுக் கணவாயையும் குமுளி மலைப்பாதையையும் கடந்து அயல்நாடு போல் அயல் மாநிலம் புகுந்த நாம், அம்பாசிடர் வாடகைக் காரை மறவோம். வங்காளத்து உத்தரபாராவில் 1957-இல் தோன்றிய அவ்வண்டி, முதலில் பக்கவால்வு எஞ்சினைத் தாங்கியது. 1959-இல் பெயரும் உருவமும் மாறாதிருக்க, 1489 கன செ.மீ. மேல்வால்வு எஞ்சின் உள்ளே குடிபுகுந்தது.

அமெரிக்காவிலும் இவ்வாறே. 1964 ஏப்ரலில் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங்கில், அவ்வாண்டு ஆகஸ்டில் டைனமோ நீங்கி ஆல்ட்டர்னேட்டர் அமர்ந்தது. ஆயினும் ஏட்டில் இரண்டும் 1965-ஆம் ஆண்டு வண்டிகளே.

உத்தரபாராவில் உற்பத்தி 2014-இல் நின்றது. எஞ்சியிருக்கும் பழைய வண்டியைக் காக்க விழைவோர் பெயரை மட்டும் நம்பி உறுப்பு வாங்கின், அது பொருந்தாது போகலாம். மூடியைத் திறந்து பார்த்தலே அதன் வரலாற்றை அறியும் வழி என்போம்.